செருப்புக்குக் காவல் இருந்தவர்

சித்திரை மாசக் கடைசியில், தறிப்பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே ஆள் நிற்க முடியாதபடி வெய்யில் காய்கிற நாட்களில், குமரன் வீதிக்காரர்கள் வருஷம் தவறாமல் தறியை நிறுத்திவிட்டு, வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊட்டிக்குப் போய், படகில் ஏறி, பூச்செடி முன்னால் நின்று போட்டோ எடுத்து, வர்க்கியும் கேரட்டும் வாங்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடியே இறங்கி வருவார்கள். போன வருஷத்துப் போட்டோவையும் இந்த வருஷத்துப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஸ்வெட்டரில்தான் வித்தியாசம் தெரியும். அப்படிப்பட்ட வீதியில், "இந்த வருஷம் ஊட்டி வேண்டாம், கூகைமலைக் கோட்டைக்குப் போலாம்" என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னவள் பூங்கொடி. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை, பங்குனி முழுக்க வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே பேசிப் பேசி, கடைசியில் இவள் வாய்க்குப் பயந்தே எல்லாரும் சரி என்று சொன்னார்கள்.

கூகைமலை ஒன்றும் தூரத்தில் இல்லை. பூங்கொடி துணி காயப்போடுகிற மொட்டைமாடியில் நின்றால் நேர் எதிரே தெரியும், உச்சியில் மதில் ஓடுவதும் தெரியும். ஏழாம் வகுப்பில் டீச்சர் எல்லாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, "பொட்டப்புள்ளைக்கு மலைமேல என்ன சோலி" என்று அவளுடைய அப்பா விடவில்லை. அன்றைக்கு அழுத அழுகை அப்படியே உள்ளே நின்றுவிட்டது. கல்யாணமாகி, பிரவீணாவைப் பெற்று வளர்த்து, அவளுக்கும் கல்யாணம் செய்து வைத்து, இத்தனை வருஷமாகப் புருஷனின் சட்டையை உதறிக் கொடியில் போடும்போதெல்லாம் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, ஊட்டிப் பூவில் மனசு எங்கே போகும்?

புருஷன் பேர் சென்னியப்பன். நல்ல மனுஷன், குடி கிடையாது, கைநீட்டுகிற வழக்கம் கிடையாது. ஒரே ஒரு வார்த்தைதான் அவரிடம் கோளாறு. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து, தோளில் கை வைத்து, "வெசனப்படாதீங்க, நான் இருக்கறேன்" என்பார். கேட்பவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். பந்தல் போடுகிற அன்றைக்கு இருக்க மாட்டார், பிணம் தூக்குகிற நேரத்தில் இருக்க மாட்டார். பிரவீணா பிறந்தபோது பிரசவ அறைக்குள் போன பூங்கொடியிடமும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரி வாடையும் ரத்தமும் அவருக்கு ஆகாது, நேராக சினிமாவுக்குப் போய்விட்டு, மறுநாள் மத்தியானம் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு வந்து நின்றார். அன்றிலிருந்து பூங்கொடிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவரோடு எங்கே போனாலும் நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள், ஆள் இருக்கிறாரா என்று.

கூகைமலைக்குப் போன அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துப் பார்த்து ஏறினாள். கோட்டை வாசலுக்குக் கதவெல்லாம் எப்போதோ போய்விட்டது, இரண்டு பக்கமும் கல்தூணும் கீழே தேய்ந்த வாசற்படியும்தான் மிச்சம். உள்ளே நுழைந்ததும் ஒரு மாரியம்மன் சிலை இருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். வேன் ஓட்டி வந்த அர்ச்சுனன் முதற்கொண்டு அத்தனை பேரும் செருப்பைக் கழற்றினார்கள். சென்னியப்பன் மட்டும் வாசலுக்கு உட்பக்கமாக இருந்த கல்மேடையில் உட்கார்ந்து முட்டியைத் தடவினார்.

"எனக்கு முட்டி வலிக்குது. நீங்கெல்லாம் போய்ச் சுத்திட்டு வாங்க. செருப்பு, பை எல்லாம் இங்கயே இருக்கட்டும். வெசனப்படாம போங்க, நான் இருக்கறேன்."

ஒரு சுற்றுலாவுக்கு இப்படி ஒரு ஆம்பளை கட்டாயம் கிடைப்பான், எந்தக் கோயில் வாசலிலும் பார்க்கலாம். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூங்கொடி பாறையில் வெட்டிய சுனையைப் பார்த்தாள், நெல் கொட்டி வைத்த களஞ்சியத்துக்குள் தலையைக் குனிந்து நுழைந்தாள், அடுப்புப் புகை படிந்து இன்னும் கருப்பாகவே இருந்த ஒரு மச்சைத் தொட்டுப் பார்த்தாள், மற்றவர்கள் பயந்து நின்றுவிட்ட மதில் முனைவரைக்கும் தனியாகவே நடந்து போய்க் காற்றில் நின்று, தூரத்தில் எறும்புப் புற்றாகத் தெரிந்த தன் வீதியைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்ததே கிடையாது.

திரும்பி வந்தபோது சென்னியப்பன் அங்கேயே இருந்தார். அதுவே அதிசயம்தான்.

"ஏனுங்க, எந்திரிங்க, பொழுது உழுகப் போவுது."

"எந்திரிச்சுட்டேன். கால்தான் வரமாட்டேங்குது."

"மரத்துப் போச்சுங்களா?"

"மரக்கலை புள்ள. உள்ளாற நல்லாத்தான் நடக்குது. வெளிய வைக்கத்தான் ஆகலை."

அர்ச்சுனனும் இன்னும் நாலு பேரும் கையைப் பிடித்து இழுத்தார்கள், இடுப்பைப் பிடித்துத் தள்ளினார்கள். வாசற்படிவரைக்கும் வந்த கால் அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வரவில்லை. வெளியே நீட்டிய கை போகிறது, தலை போகிறது, கால் மட்டும் போகவில்லை. இருட்டினால் இறங்குவது கஷ்டம் என்று அர்ச்சுனன் அவசரப்படுத்த, மிச்சமிருந்த தக்காளி சாதத்தையும் தண்ணீர் பாட்டிலையும் அவரிடம் கொடுத்துவிட்டு, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வந்து பாத்துக்கலாம்" என்று எல்லாரும் இறங்கினார்கள். பூங்கொடியையும் இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

அடிவாரத்தில் நெல்லிக்காய் விற்கிற மாரக்காவிடம் சொன்னதற்கு அவள் உப்பும் மிளகாயும் கலந்துகொண்டே, "யாராச்சும் வாசல்ல உக்காந்து 'நான் இருக்கறேன்'னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் சண்டை வந்து ஊரே கோட்டைக்குள் போய் ஒண்டிக்கொண்டபோது, ஒரு வாசல்காரன் இதே வார்த்தையைச் சொல்லி எல்லாரையும் தூங்கச் சொன்னானாம், சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஓடிப்போனானாம், அப்புறம் உள்ளே தூங்கினவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லையாம். "அதுலருந்து அந்த வார்த்தையச் சொன்னா கோட்டை விடாது. வேற ஆள் வந்து அதே வார்த்தையச் சொல்லி உக்காரோணும், அப்பத்தான் இவரு வரமுடியும். நெல்லிக்காய் எத்தனை வேணும்?"

வீதிக்காரர்கள் இதைக் கேட்டு மூக்கில் விரல் வைத்தார்களா என்றால், இல்லை. சொன்ன வார்த்தைக்கு ஒரு மனுஷனைக் கோட்டை பிடித்து உட்காரவைத்துவிட்டது, அதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, சுவரில் பேர் கிறுக்குகிறவர்களைக் கண்டால் ஊதும்படி ஒரு விசிலைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு ஒரு நாள் என்று சோறு போக ஆரம்பித்தது. சோறு கொண்டுபோகிற சாக்கில் பிள்ளைகள் சுனையில் குளித்தார்கள், பெரியவர்கள் மதிலில் ஏறி நின்றார்கள், களஞ்சியத்துக்குள் போய்க் கத்தி எதிரொலி கேட்டார்கள், லீவு முடிவதற்குள் குமரன் வீதியில் கோட்டையின் மூலைமுடுக்கெல்லாம் தெரியாத ஆளே இல்லை என்றாகி, ஊட்டிப் பேச்சே நின்றுபோயிற்று. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பெண்டாட்டிகள் புருஷன்மார்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நிச்சயம் முடிந்த பெண்கள் மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி, "எங்க, இப்பச் சொல்லுங்க பாக்கலாம்" என்றார்கள். ஒரு மாப்பிள்ளை வந்த வேகத்தில் இறங்கி ஓடினவன் செருப்பைக்கூட எடுக்கவில்லை, அதையும் சென்னியப்பன்தான் எடுத்துவைத்தார். வீதியில் அந்த வார்த்தையே அற்றுப்போனது. எழவு வீட்டில்கூட, "முடிஞ்சா வர்றேங்க" என்றுதான் ஆறுதல் சொன்னார்கள்.

எல்லாரும் பழகிக்கொண்டார்கள், பூங்கொடியைத் தவிர.

"ஊட்டிக்குப் போயிருந்தா சளி புடிச்சு வந்திருப்பான், ரெண்டு நாள்ல சரியாயிருக்கும்" என்று சென்னியப்பனின் அக்கா ருக்மணி பார்க்கிற இடத்திலெல்லாம் குத்தினாள். "கோட்டை கோட்டைன்னு துள்ளுனயே அம்மிணி, அப்ப நீயே போய் உக்காரு. என்ற தம்பிய எறக்கி உடு."

பூங்கொடி அதை யோசிக்காமல் இல்லை. உட்காரலாம்தான். அவளுக்குக் கோட்டை பிடிக்கும், இருட்டு பயமில்லை. ஆனால் அவள் உட்கார்ந்தால் அவர் இறங்குவார், இறங்கினால் திரும்ப வரமாட்டார், இதில் அவளுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. பிரவீணா ஐந்து மாசம், ஆறு மாசம், ஏழு மாசம் என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பேரப்பிள்ளையைக் கையில் வாங்காமல், கல்மேடையில் உட்கார்ந்து கிழவியாகிச் சாகவா? அப்படி நினைத்ததற்காகவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து முதல்முறையாகப் புருஷன் எங்கே இருக்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மொட்டைமாடியில் நின்றால் போதும்.

அவளுடைய முறைக்கு ஒருநாள் சோறு கொண்டுபோனபோது சென்னியப்பன் ஒரு விஷயம் சொன்னார். "பொழுது உழுந்ததும் உள்ள இருந்து ஒரு கொழந்த கேக்குது புள்ள. 'இருக்கீங்களா?'ன்னு. மொத நாளு நான் பயத்துல வாயத் தொறக்கலை. கொஞ்ச நேரத்துல கோட்டை முச்சூடும் அழுவுது, பொம்பளைங்க, வயசானவங்க எல்லாம். என்னால தாங்க முடியலை. அடுத்த நாளு 'இருக்கறேன்'னு சொன்னேன். சொன்னதும் பாய் விரிக்கற சத்தம் கேட்டுது. அத்தன பேரும் பாயை உதறிப் படுக்கறாங்க. அதுக்கப்புறம் மூச்சுச் சத்தம்தான்."

பூங்கொடி உள்ளே பார்த்தாள். வெறும் பாறையும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன.

ஆடிக் காற்று தொடங்கி, மலையேறுகிறவர்களின் சேலையையும் வேட்டியையும் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், ருக்மணியைத் துணைக்கு வைத்துவிட்டு, பூங்கொடி காலை பஸ்ஸில் சோறு கொண்டுபோயிருந்தாள். சென்னியப்பன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அர்ச்சுனன் மேலே ஓடி வந்தான். மலையில் போன் எடுக்காது, அதனால் ஆளே வரவேண்டியதாயிற்று. மூச்சு வாங்கப் படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீங்க பஸ் ஏறுனதுமே பிரவீணாவுக்கு வலி வந்துருச்சு. ஆபரேஷன் பண்ணிக் கொழந்தைய எடுத்துட்டாங்க. கொழந்த நல்லாருக்குது, பொம்பளப் புள்ள. பிரவீணாவுக்குத்தான் ரத்தம் நிக்க மாட்டேங்குதாம். ஓ நெகட்டிவ் வேணுமாம், இருந்த பாட்டில் தீந்துபோச்சு. மாப்ளை நாலாபக்கமும் அலையறாரு. அண்ணனுக்கு அந்த ரத்தம்தானுங்களே? கீழ பைக் நிக்குதுங்க்கா. இப்பப் போனாத்தான்..."

அவன் கல்மேடையைப் பார்த்தான், தான் உட்காருவதாகச் சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவனுக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அவன் மேல் தப்புச் சொல்ல முடியுமா?

பூங்கொடி சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மகள் அங்கே கிடக்கிறாள், மகளுக்கு வேண்டிய ரத்தம் இங்கே வாசற்படிக்குள் நிற்கிறது. எடுத்துக் கொடுக்க அவள் ஒருத்திதான் இருக்கிறாள். கொடுத்தால், இந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போவார், அந்த வாடை மூக்கில் ஏறும், ஊசியைப் பார்ப்பார், அப்புறம்? மகளும் போய், இவரும் போய், தான் மட்டும் இந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பதை அவள் கண்ணால் பார்த்ததுபோலவே பார்த்தாள்.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆசுபத்திரிக்கு உள்ளாற போவீங்களா?"

எப்போதும் நாக்கு நுனியில் தயாராக இருக்கிற அந்த வார்த்தை அன்றைக்கு அவருக்கு வரவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியலை புள்ள" என்றார். "எனக்குப் பயமா இருக்குது."

அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் உண்மை அதுதான். அதனால்தான் அவள் செருப்பைக் கழற்றினாள். படியைத் தாண்டி உள்ளே வந்து, கல்மேடையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்.

"போங்க. நான் இருக்கறேன்."

படியில் முட்டிக்கொண்டு நின்றிருந்த சென்னியப்பனின் கால் பட்டென்று வெளியே போய், அவர் குப்புற விழப் பார்த்து, அர்ச்சுனன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் கல்லும் முள்ளும் பார்க்காமல் இறங்கி ஓடினார்கள். பூங்கொடி எழுந்து படிவரைக்கும் போய்க் காலை வைத்துப் பார்த்தாள். போகவில்லை. சரிதான் என்று வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. பைக் அடிவாரம் சேர்ந்திருக்கும் என்று நினைத்தாள், ரோட்டில் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தாள், ரயில்வே கேட் மூடியிருக்குமோ என்று நினைத்தாள், திறந்திருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டாள். டீக்கடையில் ஒரு நிமிஷம் நிறுத்து என்று அவர் அர்ச்சுனனிடம் சொல்வதும், டீக்கடையின் பின்பக்கமாக ஒரு ஆள் நழுவிப் போவதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. "பாவி மனுஷா, போயிராதீங்க, என்ற புள்ள, என்ற புள்ள" என்று வாய்விட்டே சொன்னாள், காற்று அதைக் களஞ்சியத்துப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனது. ஏழாம் வகுப்புப் பிள்ளையாக அழுதது ஞாபகம் வந்தது. இந்தக் கோட்டைக்காகவா அழுதோம், ஊட்டிக்கே போயிருக்கலாமே, ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டி நின்றிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெய்யில் தூண் நிழலைப் படிக்கு வெளியே இழுத்து, அப்புறம் மதிலோரமாக நீட்டி, கடைசியில் நிழலே இல்லாமல் செய்துவிட்டது. மலைப்பாதையில் ஒரு ஆடுகூட வரவில்லை.

பொழுது விழுந்ததும் அது கேட்டது. எருக்கஞ்செடிக்கு அந்தப் பக்கமிருந்து, தூக்கம் சொக்கும் குரலில், ஒரு குழந்தை கேட்டது.

"இருக்கீங்களா?"

யாரைப் பார்த்துக் கேட்கிறாய், என்னையா? என் மகள் இருக்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லையே என்று பூங்கொடிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உள்ளே யாரோ ஒரு பொம்பளை விசும்பத் தொடங்குவது கேட்டது. ஓடிப்போன ஒருத்தனை நம்பிப் படுத்தவளின் விசும்பல் அது. அதைக் கேட்டுப் பழகிய காது பூங்கொடியுடையது, அவளால் பொறுக்க முடியவில்லை.

"இருக்கறேன் சாமி" என்றாள், அழுதுகொண்டே. "இருக்கறேன், தூங்கு."

பாய்கள் விரிந்தன. மூச்சுச் சத்தம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு கல் உருண்டது. டார்ச் வெளிச்சம் ஒன்று வளைவில் மறைந்து, தெரிந்து, மறுபடி மறைந்து மேலே வந்தது. பூங்கொடி எழுந்து படியில் முட்டிக்கொண்டு நின்றாள். வந்தது சென்னியப்பன். சட்டையின் ஒரு கை மடித்துவிட்டிருந்தது, முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முகம் வெளுத்து, இரண்டு தடவை மயங்கி விழுந்தவர் மாதிரி இருந்தார். கையில் மிக்சர் பொட்டலம் இல்லை.

அவள் அந்தப் பஞ்சையே பார்த்தாள். கேட்கப் பயம்.

"கண்ணத் தொறந்துட்டா" என்றார். "அம்மா எங்கன்னு கேக்கறா. ஊசிய எடுக்கற வரைக்கும் பக்கத்துலயேதான் இருந்தேன் புள்ள. அப்புறமும் இருந்தேன். அவ பேசுனதுக்கப்புறம்தான் கெளம்புனேன்."

பூங்கொடி தூணில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் படியேறி உள்ளே வந்து, துண்டை உதறிக் கல்மேடையில் போட்டார்.

"நகரு. கீழ அர்ச்சுனன் நிக்கறான், நீ போ புள்ளைகிட்ட. நான் இருக்கறேன்."

சொல்லிவிட்டு, அவள் கழற்றிப்போட்ட செருப்பை எடுத்து, மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைப்பதற்காகப் படிக்கு வெளியே நாலடி நடந்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். அவர் கால் இரண்டும் வெளியே இருந்தன. அவர் பின்னால் நகர்ந்த பூங்கொடி தன் காலைப் பார்த்தாள், அதுவும் படியைத் தாண்டித்தான் நின்றது. சொல்லிவிட்டு ஓடாமல் ஒரு ஆள் திரும்பி வந்ததே போதும் என்பதுபோல, கோட்டை இரண்டு பேரையும் விட்டுவிட்டது.

"ஏனுங்க" என்றாள் அவள். "வந்துருங்க. ரெண்டு பேருமா போயிரலாம்."

அவர் ஒரு எட்டு எடுத்து வைத்தார். அப்போது உள்ளேயிருந்து, பாதித் தூக்கத்தில் புரண்டு படுத்த அந்தக் குழந்தை மறுபடியும் கேட்டது.

"இருக்கீங்களா?"

சென்னியப்பன் பூங்கொடியின் முகத்தைப் பார்த்தார். மலைக்குக் கீழே தெரிந்த ஊர் வெளிச்சத்தைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் படியேறி, மேடையில் விரித்த துண்டின்மேல் உட்கார்ந்து, முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"இருக்கறேன் கண்ணு, தூங்கு" என்றார். இவளிடம், "எல்லாரும் தூங்கறாங்க புள்ள. இப்ப எப்புடி வர்றது? விடியட்டும், பேத்தியப் பாக்க வர்றேன்னு சொல்லு" என்றார்.

பூங்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு இடத்திலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.